எந்தக் கழுத்து

...எந்தக் கழுத்து என்று மட்டும் யாராவது காட்டிவிட்டால் போதும், மீதியைக் கை பார்த்துக்கொள்ளும், கறிக்கடைக்காரனுக்கு அதைவிட வேறென்ன தெரியும், ஆனால் இந்த ஆஸ்பத்திரியில் யாரைப் பிடிப்பது, எதிரே ஊசி உறையைப் பிரிக்கிற நர்ஸையா, காலையில் போன் போட்டு, "பாப்பா பொறந்தப்ப குதிகால்ல எடுத்தோம்ல ரத்தம், அதுல தைராய்டு அளவு சரியில்ல, இன்னைக்கே தூக்கிட்டு வாங்க" என்றவளையா? அடுத்து வந்தது அக்கா போன், தைராய்டுன்னா கழுத்துலடா, நீ அறுத்த கழுத்தெல்லாம் சும்மா விடுமா என்றாள், அக்கா கைக்கு எட்டவில்லை, எட்டியது போன்தான், வெட்டுக்கட்டையில் வைத்து ஒரே போடு... பாவம், அது என்ன செய்தது, நாலு எலும்புக்கு நடுவே கண்ணாடிச் சில்லாகக் கிடந்தது. டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினாள், கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு சுரப்பியாம், சில குழந்தைக்கு உருவாகவே உருவாகாதாம், சிலதுக்கு நாக்குக்கடியிலேயே தங்கிவிடுமாம், சிலதுக்கு இருந்தும் வேலை செய்யாதாம், எதுவென்று ஸ்கேனில் பார்க்கலாமாம், ஆனால் கையில் இன்னொரு முறை ரத்தம் எடுத்துவிட்டு மாத்திரையை இன்றைக்கே தொடங்க வேண்டும், தள்ளிப்போட்டால் மூளை வளராது. "யார் மேலயும் தப்பில்லண்ணா." யார் மேலும் தப்பில்லாத கொலையா, அப்படி ஒன்றை அவன் கேள்விப்பட்டதே இல்லை, மேசையைக் குத்தினான், பேனா ஸ்டாண்டு உருண்டது, டாக்டரம்மா அதை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டு, படத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அந்தப் பட்டாம்பூச்சியை அவன் பார்க்காததா, ஆட்டின் மூச்சுக்குழாயை ஒட்டி, ஈரல் நிறத்தில், யாரும் கேட்டு வாங்காத துண்டு, கத்தி முனையால் சுரண்டி நாய்க்கு எறிவது, நாய் கொழுத்தது, அவன் பிள்ளைக்குப் போய் ஒன்று இல்லாமல் போகுமா, கடவுளும் தராசில் கட்டைவிரலை வைக்கிற ஆசாமியா, அவனைப் போலவே...

"யாரையாவது வெட்டியே ஆகணும்னா கடைக்குப் போங்க," என்றாள் மனைவி, பெற்ற உடம்பு, சுவரில் சாய்ந்திருந்தாள், "இங்க இருக்கணும்னா வாயை மூடிட்டு பாப்பா கையப் புடிங்க." பிடித்தான். சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத மணிக்கட்டு, இதில் எங்கே நரம்பைக் கண்டுபிடிப்பாள் இவள், தப்பிப் போகட்டும், இன்னொரு முறை குத்தட்டும், அந்த ஊசியைப் பிடுங்கி அவள் கண்ணிலேயே... பிள்ளை வீறிட்டது, முகம் கன்றி, நாக்கு துடிக்க, அவன் எழுந்தேவிட்டான்.

"மெதுவா குத்த மாட்டியா! கறியா வெட்டுற?"

"அண்ணா," என்றாள் நர்ஸ், ஊசி இன்னும் அவள் கையில் மூடியோடு இருந்தது, "நான் குத்தவே இல்ல. நீங்க கையக் கொஞ்சம் விடுங்க."

பார்த்தான், மணிக்கட்டைச் சுற்றி அவன் விரல்கள் வெள்ளையாக, அவற்றுக்கடியில் பிஞ்சுத் தோல் சிவந்து... விட்டான். அழுகை தேய்ந்தது, சிணுங்கலானது, நின்றது, பிள்ளை பழையபடி கண்ணை மூடிக்கொண்டது. இப்படித்தானே எப்போதும், பாலுக்குக்கூட எழுப்பத்தான் வேண்டும், சுரப்பிக் கோளாறில் வருகிற தூக்கமாம் அது, என் பொண்ணு தங்கம், அழவே தெரியாது என்று கறி வாங்க வந்தவர்களிடமெல்லாம் பீற்றினானே, யாராவது ஒருத்தர் செருப்பால் அடித்திருக்கக் கூடாதா... "மெதுவா, இப்பப் புடிங்க," என்றாள் நர்ஸ். பிடித்தான். பிள்ளை அசையவில்லை. அந்த அழுகைச் சத்தம் இன்னொரு தடவை கேட்டால் போதும் என்றிருந்தது, கட்டைவிரல் தானாகவே அழுத்தத் தொடங்கியது.