பாறைக்கும் பென்சில் பிடித்தவள்

சூலியா தெருவில் படம் பிடிக்கிற கடை என்றால் அது என் கடைதான். மற்றவர்களும் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பார்கள், நின்றுவிட்டுப் போகட்டும். என் கடைப் படத்தில் அம்மைத் தழும்புக்காரரும் புது மாப்பிள்ளையாக வெளியே வருவார். அது என் மனைவி சித்தி ஆயிஷாவின் கைவேலை. படம் பதிந்த கண்ணாடித் தகட்டின் மேல் பென்சிலை வைத்துத் தழும்பு, சுருக்கம் எல்லாவற்றையும் நிரவிவிடுவாள்.

பீச் ஸ்ட்ரீட் காகிதக்கடை அண்ணாமலை, படம் போட்ட தபால் அட்டைகளை ஜெர்மனியில் அச்சடித்து வாங்கி விற்பவர். எல்லாம் வெள்ளைக்காரர்கள் எடுத்த படங்கள். பத்து பெரிங்கி என்ற ஊரின் கடற்கரைப் பாறைகளை நான் எடுத்துத் தருகிறேன் என்றேன்.

"பாய், நீங்க முகம் எடுக்கறவரு. பாறையெல்லாம் உங்களுக்கு வராது லா. சரி, வியாழக்கிழமை சாயங்காலம் கப்பல். அதுக்குள்ள கொண்டாங்க. பென்சில் பூச்சு தெரிஞ்சா மட்டும் எடுக்க மாட்டேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. புதன்கிழமை படப்பெட்டியை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். ஆள் உயரத்துக்கு மேல் நின்ற பாறை ஒன்று இரண்டாகப் பிளந்திருந்தது. பிளவுக்குள் கடல் புகுந்து நுரைத்துக்கொண்டு வெளியே வந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று எடுத்தேன். திரும்பும் வழியில் வண்டி குலுங்கியதில் ஒரே ஒரு தகடுதான் உடையாமல் தப்பியது. அதைக் கழுவிப் பார்த்தபோது, நான் இதுவரை எடுத்ததிலேயே நல்ல படம் இதுதான் என்று தெரிந்தது. காயவைக்கும் சட்டத்தில் நிறுத்திவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.

அந்தச் சட்டத்தில் நிற்பதெல்லாம் ஆயிஷாவின் வேலை என்பது எங்கள் கடை வழக்கம். அது எனக்கு நினைவில்லை.

காலையில் அச்சுப் போட்டால் பாறைகள் அவித்த முட்டை மாதிரி வழவழவென்று நின்றன. ஒரு வெடிப்பு இல்லை.

"என்ன புள்ள செஞ்ச?"

"எப்பவும் செய்யறதுதான். ஒரே சுருக்கமா இருந்துச்சு. பாக்கவே பாவமா இருந்துச்சு."

"பாறைக்கு என்னத்துக்குப் பாவம் பாக்கற? அந்த வெடிப்புக்காகத்தான நான் அவ்ளோ தூரம் போனேன்?" தெருவே கேட்கும்படி கத்தினேன்.

"கத்தாதீங்க. கப்பலுக்கு நேரம் இருக்குல்ல?" என்றவள் பென்சில் பூச்சைக் கரைக்கும் டர்பண்டைனையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு கீறல் விழுந்தாலும் படம் போச்சு. எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை, வாசலுக்கு வந்துவிட்டேன். நண்பகல் லுஹர் பாங்கு முடிந்த பிறகு கூப்பிட்டாள். பிளவு, வெடிப்பு, உப்பு அரித்த குழிகள் எல்லாம் திரும்பி வந்திருந்தன.

அண்ணாமலை தன் கடையில் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துத் தகட்டை ஓரம் ஓரமாகத் தேடினார். வெளிச்சத்தில் சாய்த்தும் பார்த்தார்.

"ஒரு பென்சில் தடம்கூட இல்லையே, பாய். இன்னைக்கே அனுப்பறேன். அட்டையில உங்க பேரப் போட்டுடலாம்."

"என் பேருக்குப் பக்கத்துல சித்தி ஆயிஷான்னும் போடுங்க."

"அவங்க என்ன செஞ்சாங்க?"

நெஞ்சு நிமிர்ந்துவிட்டது எனக்கு.

"நீங்க இவ்ளோ நேரம் தேடியும் கெடைக்கலைல்ல, அதத்தான் செஞ்சா."