ரோண்டா சுட்ட தோட்டா வந்து சேர்ந்த நேரம்

ரோண்டா கிம்ப்ரலின் கைத்துப்பாக்கியிலிருந்து கிளம்பிய தோட்டா குறியைப் போய்ச் சேரப் பதினோரு நாள் ஆனது. குறி ஏழடியில் இருந்தாலும் எழுபதடியில் இருந்தாலும் அதே பதினோரு நாள்தான், நிமிஷம் பிசகாது. மிசௌரி மாநிலத்தின் தென்கோடியில் இருக்கும் எங்கள் ப்ரூயிட்டில் சாலையைச் செப்பனிட ஆள் வர இரண்டு வருஷமும், பல் டாக்டரைப் பார்க்க நாலு மாதமும் ஆகும் என்பதால் இதை யாரும் பெரிய தாமதமாக எடுத்துக்கொள்ளவில்லை. துப்பாக்கியும் பழசு, ரோண்டாவின் கல்யாணத்துக்கு முந்தியது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, முழுக்க இரும்பு, தோட்டா போடாமலே இரண்டு பவுண்டு கனம், எட்டுத் தோட்டா பிடிக்கும், மரப்பிடியில் யாரோ ஒருவருடைய கட்டைவிரல் தேய்த்த பள்ளம். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் பெவ் ஸ்டக்கியின் அலமாரியில் அது இருபது வருஷம் துணிகளுக்கு அடியில் கிடந்தது. ரோண்டா தன் பெரிய ஃப்ரீசரைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டாள். பெவ்வுக்கு மான் இறைச்சி வைக்க இடம் வேண்டியிருந்தது. ரோண்டாவுக்கு எது வேண்டியிருந்தது என்று ஊருக்கே தெரியும்.

டிசம்பர் முதல் வாரத்தில் சிறையிலிருந்து லைலின் கடிதம் வந்திருந்தது. லைல் கிம்ப்ரல் அவளுடைய முன்னாள் கணவன், தானியக் கிடங்கில் எடை போட்டுக்கொண்டிருந்தவன், நேரம் தவறாதவன் என்று பெயர் வாங்கியவன். ஆறு மணிக்கு மேஜையில் சாப்பாடு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அவளுடைய வலது மணிக்கட்டுக்குள் இரண்டு திருகாணிகள் சாட்சியாக இருக்கின்றன. அதற்குத்தான் அவனுக்கு ஆறு வருஷம் கிடைத்தது. கடிதத்தில் இரண்டே வரிகள். மார்ச் பன்னிரண்டு, வியாழன், நாலு மணிக்கு வருகிறேன். வீட்டில் இரு. அவன் அவளை நெருங்கக் கூடாது என்ற பழைய தடையுத்தரவு காலாவதியாகிவிட்டிருந்தது. புதிதாக ஒன்று வேண்டுமென்றால் அவன் மிரட்டியிருக்க வேண்டும், வருகிறேன் என்பது மிரட்டல் ஆகாது என்று நீதிமன்ற அலுவலகத்தில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். ரோண்டாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. யாரோடும் வாதாடத் தெம்பில்லாமல் வீட்டுக்கு வந்து, ஃப்ரீசரை வண்டியில் ஏற்றச் சொன்னாள்.

டயர் கிடங்காக இருந்த கட்டிடத்தில் ஃபென் என்பவர் துப்பாக்கி சுட்டுப் பழகும் சுடுகூடம் நடத்தினார். முதல் நாள் ரோண்டாவால் துப்பாக்கியின் மேல்பாகத்தைப் பின்னால் இழுக்கவே முடியவில்லை. இழுத்தால்தான் தோட்டா உள்ளே ஏறும், உடைந்த மணிக்கட்டோ ஒத்துழைக்கவில்லை. மேல்பாகத்தை இடது கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பிடியை வலது கையால் முன்னால் தள்ளச் சொன்னார் ஃபென். அது வந்தது. அப்புறம், ஆளுக்கொன்றாக நின்று சுடும் தடங்களில் நான்காவதில் நின்று ஐந்து முறை சுட்டாள், ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டு. எதிரே தொங்கிய குறிக் காகிதத்தில் ஒரு ஓட்டைகூட இல்லை. ஃபென் தாடையைச் சொறிந்துகொண்டு, "பரவால்லம்மா, மொத நாளு எல்லாருக்கும் செவுத்துக்குத்தான் போவும்" என்றார். சுவரிலும் ஓட்டை இல்லை என்பதை அவர் மரியாதைக்காகச் சொல்லவில்லை. பதினோரு நாள் கழித்து, அதே நான்காம் தடத்தில் வேறொருவர் தொங்கவிட்ட காகிதத்தில், அவர் இன்னும் துப்பாக்கியைப் பையிலிருந்தே எடுக்காதபோது, கீழே இடதுபக்கமாக ஐந்து ஓட்டைகள் வரிசையாக விழுந்தன. ஃபென் பழைய ரசீதைப் புரட்டி நேரத்தைப் பார்த்தார், நாட்காட்டியை எடுத்தார். அன்றிலிருந்து ரோண்டா சுட்டுவிட்டுப் போன ஒவ்வொரு முறையும் பதினோரு நாள் தள்ளி, அந்த மணிக்கு நேராக, நான்காம் தடம் காலியாக இருக்கட்டும் என்று எழுதிவைத்தார். தோட்டா அத்தனை நாளும் எங்கே இருக்கிறது என்று ஊர்க்காரர்கள் காப்பிக்கடையில் கொஞ்சநாள் பேசினோம். சிலர் சுடுகூடத்துக்கே போய்க் காற்றில் கையை வீசிப் பார்த்தார்கள், எதுவும் தட்டுப்படவில்லை. வழியில் இருக்கிறது, அவ்வளவுதான் என்று ஃபென் முடித்துவிட்டார்.

சுடுவதைவிடச் சுமப்பதுதான் அவளுக்குப் பெரிய பாடாக இருந்தது. துப்பாக்கியின் உறையை ஜீன்ஸின் உள்பக்கம் செருக வேண்டும். அதற்கு ஒரு அளவு பெரிய ஜீன்ஸ், அதைப் பிடித்து நிறுத்தத் தடித்த பெல்ட், எல்லாவற்றையும் மூட இறந்துபோன அண்ணனின் கட்டம்போட்ட சட்டை. முதல் வாரம் தோட்டா இல்லாமலே கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள், பாத்திரம் கழுவினாள், குனிந்து அடுப்படியைத் துடைத்தாள். இடுப்பெலும்பு கன்றிச் சிவந்தது. இரண்டாம் வாரம் மளிகைக்கடைக்குப் போனாள். சட்டை விலகிவிட்டதா என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில், முட்டை வாங்க வந்த பெவ் பின்னாலிருந்தே கண்டுபிடித்துவிட்டாள். "ஏண்டி, பேன் கடிக்குதா? துப்பாக்கி வச்சிருக்கேன்னு தட்டி எழுதி மாட்டிக்கயேன், இதுக்கு அது தேவல." சர்ச்சில் உட்கார்ந்தால் பிடி விலாவில் குத்தியது. காரில் உட்கார்ந்தால் இடுப்பு பெல்ட்டுக்கும் சீட் பெல்ட்டுக்கும் சண்டை. இருபது தடவையாவது கழற்றி எறிந்துவிடலாம் என்று நினைத்திருப்பாள். ஆனாலும் தினமும் காலையில் பல் தேய்த்ததும் அதைக் கட்டிக்கொண்டாள். ஜனவரி கடைசியில் ஒருநாள் தபால் நிலையத்துக்குப் போய், கதவில் இருந்த துப்பாக்கி கூடாது என்ற அறிவிப்பைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்து, வரிசையில் நின்று, தலைதெறிக்க வெளியே ஓடி வந்தாள். இடுப்பில் அது இருந்ததையே மறந்துவிட்டிருந்தாள். அதுதான் பழகிவிட்டதற்கு அடையாளம் என்று பெவ் சொல்லிச் சிரித்தாள்.

பிப்ரவரியில் நான்காம் தடத்தில் வந்து விழுந்த ஓட்டைகளை ஒரு உள்ளங்கையால் மூடிவிடலாம். ஃபென் அந்தக் காகிதங்களைக் கண்ணாடிக் கதவில் ஒட்டிவைத்தார். ஆனால் கதவை உடைத்துக்கொண்டு வருகிறவனிடம் பதினோரு நாள் பொறுத்துக்கொள் என்று சொல்ல முடியாதே. வேறு வாங்கு என்று எல்லோரும் சொன்னோம். பிளாஸ்டிக் உடம்போடு லேசாக, சுட்டதும் தோட்டா போய்ச் சேருகிற மாதிரி எத்தனையோ வந்துவிட்டன. ரோண்டா நாலைந்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். எதுவும் கையில் நிற்கவில்லை. "இதுக்கே மூணு மாசம் ஆச்சு ஃபென். திரும்ப ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்ல" என்றாள். யோசனை சொன்னது பெவ்தான், பஸ்ஸைக் கழுவிக்கொண்டே. "அவன் எந்த நேரத்துக்கு வருவான்னு தெரியும். எங்க நிப்பான்னும் தெரியும். அப்பறம் என்ன, இப்பவே அனுப்பிடேன்." லைல் எங்கே நிற்பான் என்பது தெரிந்த விஷயந்தான். வாசல் தாழ்வாரத்தில், கதவிலிருந்து மூன்றாவது பலகையில், இரண்டு காலையும் அகட்டி நிற்பான். கல்யாணமான நாளிலிருந்து அங்கேதான் நின்று அவளைக் கூப்பிடுவான், உட்கார மாட்டான், தூணில் சாய மாட்டான். ஆள் இல்லாத சொந்தத் தாழ்வாரத்தில் சுடுவது எந்தச் சட்டப்படி குற்றம் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை, நாங்களும் போய்க் கேட்கவில்லை.

மார்ச் முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை. ஃபென் தோட்டாவைத் தாங்கிக்கொள்ள ஒரு பெரிய வைக்கோல் உருளையைக் கொண்டுவந்து முற்றத்தில், மூன்றாவது பலகைக்கு நேர் பின்னால் நிறுத்திவிட்டுப் போனார். நாலு மணிக்கு ரோண்டா நடைவழியில் நின்றுகொண்டு, திறந்திருந்த கதவு வழியாக, லைலின் நெஞ்சு உயரத்துக்கு ஒரே ஒரு முறை சுட்டாள். கண்ணை மூடவில்லை. வெடிச்சத்தம் அன்றைக்கே வந்துவிட்டது, தோட்டா மட்டும் பாக்கி. அப்புறம் துப்பாக்கியைத் துடைத்து உறையில் செருகிக்கொண்டு, உருளைக்கிழங்கு வேகவைத்தாள். அந்தப் பதினோரு நாளும் அவள் சரியாகத் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவன் வந்துவிடுவானோ என்ற பயம் பாதி, தான் ஏற்கெனவே செய்துவிட்டதை நினைத்துப் பாதி.

இடையில் எட்டாம் தேதி வந்தது. வருஷாவருஷம் மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்போம், நவம்பரில் பழையபடி பின்னால் இழுத்துக்கொள்வோம். அரசாங்கம் சொல்கிறது, நாம் தள்ளுகிறோம், ஒரு வாரம் தலை கிறுகிறுக்கும், அப்புறம் சரியாகிவிடும். தோட்டாவுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை, ரோண்டா கடைசியாகச் சுடுகூடத்தில் சுட்டவை நான்காம் தடத்தில் ஒரு மணி நேரம் பிந்தி வந்து விழுந்தன. ஃபென் அதைப் பார்த்துவிட்டு, தான்தான் சுவர்க்கடிகாரத்தைத் தப்பாக மாற்றிவிட்டோம் என்று நினைத்து, ஸ்டூல் போட்டு ஏறி ஒரு மணி பின்னால் தள்ளிவைத்து, அந்த வாரம் முழுக்கக் கடையை நேரங்கெட்ட நேரத்தில் திறந்து மூடி எல்லோரிடமும் திட்டு வாங்கினார்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு, கையில் ஒரு காகிதப் பையோடு, லைல் வந்தான். இளைத்துவிட்டிருந்தான். சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து போகும். நேராக வந்து மூன்றாவது பலகையில் காலை அகட்டி நின்றான். ரோண்டா நடைவழியில், சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள். நாலு மணி ஒரு நிமிஷம். நாலு மணி ஐந்து. ஒன்றும் வரவில்லை. எல்லாமே என் தலையெழுத்துப்படிதான் நடக்கும் என்று நினைத்தாள். என்ன வேண்டும் என்று கேட்டாள். மழைக்கோட்டும் தன் அப்பாவின் ஸ்பானர் பெட்டியும் வேண்டும், வண்டிப் பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது என்றான். அப்புறம், சிறை வகுப்பில் மனப்பாடம் செய்தவன் மாதிரி, நான் உனக்குச் செய்ததற்கு நானே பொறுப்பு என்றான். அது அவளுக்கு எரிச்சலைத்தான் கொடுத்தது. அவனை உள்ளே விடவில்லை. அங்கேயே நிற்கவைத்து, முப்பது வருஷமாகச் சொல்லாததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள்: ஆறு மணிச் சாப்பாடு, மணிக்கட்டு, அண்ணன் சாவுக்குப் போகவிடாதது, அவன் எரித்துப்போட்டு, அவள் சாம்பலில் கண்டெடுத்த அவளுடைய அம்மாவின் கடிதங்கள். அழவில்லை, கத்தவும் இல்லை. லைல் தலையைத் தொங்கப்போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். முக்கால் மணி நேரம் போனதும் அவளுக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. இடுப்பில் துப்பாக்கி இருந்தது, ஒரு முறைகூட அவள் கை அங்கே போகவில்லை.

மழைக்கோட்டு சமையலறைக் கொக்கியில் தொங்கியது. அதை எடுக்கப் போனவள் அடுப்புக் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று ஐம்பத்தாறு. எங்கள் ஊரில் யார் வீட்டிலும் அடுப்புக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. எந்தப் பொத்தானை எத்தனை நேரம் அழுத்த வேண்டும் என்று யாருக்கும் நினைவிருக்காது, எட்டு மாதம் போனால் தானே சரியாகிவிடும் என்று விட்டுவிடுவோம். ரோண்டா கோட்டைக் கையில் பிடித்தபடி அந்தப் பச்சை எண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐம்பத்தேழு ஆனது. ஐம்பத்தெட்டு ஆனது. வெளியே லைல் இருமினான். அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, கோட்டைத் தேடுகிற மாதிரி இன்னும் இரண்டு நிமிஷம் அங்கேயே நின்றால் போதும். அந்த நிமிஷங்களில் என்ன நினைத்தாய் என்று பெவ் பிற்பாடு எத்தனையோ தடவை கேட்டும் அவள் சொன்னதில்லை. ஐம்பத்தொன்பது ஆனபோது நடைவழிக்கு வந்தாள்.

"லைல், அந்தப் பலகைய விட்டுத் தள்ளி நில்லு."

"எதுக்கு?" என்றான். அந்த ஒரு சொல்லில் பழைய குரல் இருந்தது.

"சொன்னா நகரு."

அவள் பேச்சுக்கு அவன் நகர்ந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு பலகை தள்ளிப் போய் நின்றான். ஐந்து மணிக்கு அவன் சட்டையோரம் லேசாகப் படபடத்தது, முற்றத்தில் வைக்கோல் உருளையிலிருந்து ஒரு பிடித் தூசி எழுந்து அடங்கியது. லைல் உருளையைப் பார்த்தான், திறந்திருந்த கதவைப் பார்த்தான், சட்டைக்குள் மூடியே இருந்த அவளுடைய இடுப்பைப் பார்த்தான். எங்கள் ஊர்க்காரன்தானே, அவனுக்கு விளங்கிவிட்டது.

"எப்பச் சுட்ட?"

"ஒண்ணாந் தேதி."

"அப்பறம் எதுக்கு நகரச் சொன்ன?"

"நீ வந்த நாலு மணிக்கே அது வந்திருந்தா சொல்லியிருக்க மாட்டேன். அன்னைக்கு உன்ன நெனச்சு நடுங்கிட்டு இருந்தேன், சுட்டேன். இப்ப பாத்தா அலுப்பாத்தான் வருது." கோட்டை நீட்டினாள். "பெட்டி ஷெட்டுல இருக்கு. எடுத்துக்கிட்டுப் போ. திரும்ப வராத, மணி என்னன்னு எப்பவும் நான் பாத்துக்கிட்டே இருக்க முடியாது."

லைல் போய்விட்டான். அடுத்த மாவட்டத்தில் பட்டறையில் இருப்பதாகக் கேள்வி, ப்ரூயிட் பக்கம் வந்ததில்லை. ரோண்டா இன்றைக்கும் காலையில் பல் தேய்த்ததும் துப்பாக்கியைக் கட்டிக்கொள்கிறாள், மாதம் ஒருமுறை நான்காம் தடத்தில் எட்டுத் தோட்டா சுடுகிறாள், ஃபென் நாட்காட்டியில் எழுதிவைக்கிறார், மார்ச்சிலும் நவம்பரிலும் ஒரு மணி கூட்டியோ குறைத்தோ. வைக்கோல் உருளை மழையில் மக்கிப்போயிற்று. தாழ்வாரத்தில் அதற்கப்புறம் அவள் சுட்டதே இல்லை. இருந்தாலும் அவள் வீட்டுக்குப் போகிற யாரும், தபால்காரர், பார்சல் கொண்டுவருகிறவர்கள், பாதிரியார்கூட, படியிலேயே நின்றுகொண்டு, "இங்க நிக்கலாமா ரோண்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அவளும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல், விரல்விட்டுப் பதினோரு நாளைப் பின்னால் எண்ணிவிட்டு, உள்ளே போய் அடுப்புக் கடிகாரத்தையும் ஒரு தரம் பார்த்துவிட்டு வந்து, "இன்னைக்கு ஒண்ணும் வராது, நில்லுங்க" என்று சொல்கிறாள்.