நாவு கூசிய சொல்

பனிமுடிகள் சாயுங்கதிரின் செம்பொன்னைப் பூண்டு நிற்க, அவற்றின் அடியில் நரின் ஆறு தன் கோடைச் சினமெல்லாம் தணிந்து ஒன்றும் அறியாததுபோல் கூழாங்கற்களிடையே நடந்துசெல்ல, மேய்ச்சல் மேடுகளினின்று இறங்கிய ஆட்டுமந்தைகளின் புழுதி மஞ்சளித்த மரங்களின்மேல் படிந்துகொண்டிருந்த மாலைப்போதில், வடக்கே தொலைவில் நான் தங்கியிருந்த மலைநாட்டுப் பள்ளத்தாக்கொன்றின் கடைசி வீட்டு முற்றத்தில் பெரிய இரும்புச்சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. மாண்டாரை நினைந்து மாவுத்துண்டுகள் பொரிப்பது அவ்வூர் வழக்கம், அன்பரே. கோடைக் கடைசி மழையில் பெருகிய அதே ஆற்றைக் குதிரையோடு கடக்கப்புகுந்து, குதிரை கரையேறத் தான் ஏறாது போன உமுத் என்பானுக்கு அன்று நாற்பதாம் நாள்.

உமுத் என்றால் அவர்தம் மொழியில் நம்பிக்கை. கணவன் பெயரை மனைவி சொல்லலாகாது என்னும் முறை நம் பெண்டிரும் அறிந்ததே. ஆயின் அங்கே கெடுபிடி சற்று மிகுதி. பெயர் அன்றாடச் சொல்லாய் இருந்துவிட்டால் அச்சொல்லையும் விழுங்கிவிட்டு வேறொன்றைச் சொல்லியாக வேண்டும். உமுத்தின் மனைவி செயில்கான், மணமான நாள்தொட்டு இருபத்தாறு ஆண்டுகளாய், நம்பிக்கை என்னும் பொருள் வருமிடமெல்லாம் 'வழிபார்ப்பு' என்று தானே ஒரு சொல்லைக் கட்டிவைத்துக்கொண்டு காலந்தள்ளினாள். அதனால் எவருக்கும் ஒரு குறையும் இல்லை.

குறை வந்தது திருமறையால். உமுத் கிறித்துவின் வழியைப் பற்றிக்கொண்டு அந்நூலை வீட்டுக்குக் கொணர்ந்தபின், ஞாயிறுதோறும் அவ்வீட்டில் எழுவர் கூடலாயினர். அவனுக்கு எழுத்துத் தடுமாறும். அவளோ மடைதிறந்தாற்போல் படிப்பாள். எனவே படிப்பது அவள் பொறுப்பாயிற்று. அடடா, அந்நூலிலோ அச்சொல் எங்கும் நிறைந்து கிடக்கிறது! அவள் ஒவ்வொருமுறையும் 'வழிபார்ப்பு' என்று தாண்டிப்போக, கூடியிருந்தோர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பர்.

"ஏண்டி, தேவனே என் பேர எழுதி வெச்சிருக்காரு, நீ யாரு அத அழிக்கிறதுக்கு?" என்பான் உமுத். "ஒரே ஒரு தடவ சொல்லேன், காதாரக் கேட்டுக்கறேன்."

"போங்க, எனக்கு வெட்கமா இருக்கு" என்று அவள் முக்காட்டை இழுத்துக்கொள்வாள். அந்த ஒருமுறை வாய்க்குமுன் ஆறு அவனைக் கொண்டுபோயிற்று.

அதன்பின் அவள் நூலைத் திறக்கவில்லை. ஞாயிறுகள் வந்தன, கதவு திறக்கவில்லை. வேண்டுதல் செய்ய வாயெடுத்தால் நெஞ்சு கல்லாய்க் கிடந்தது. இனி எனக்கும் அந்த ஆண்டவருக்கும் என்ன என்று அவள் உள்ளம் வெதும்பிற்று. பொய்யில்லை, அப்படித்தான் நினைத்தாள். நாற்பதாம் நாளன்று உமுத்தின் தமையன் தொக்தோசுன், உற்றார் நடுவே, தாடியைத் தடவியவாறு சொன்னான்:

"இங்க பாரும்மா. ஊரோட ஒண்ணா இருந்துக்க. அந்தப் புத்தகத்த இன்னிக்கே வெளிய குடுத்துடு. என் தம்பியக் காப்பாத்தாத சாமி உனக்கு எதுக்கு?"

அவள் மறுக்கவில்லை. நூலை ஒரு பழைய முக்காட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, அவ்வெழுவருள் ஒருத்தியும் உற்ற தோழியுமான அனாரிடம் நீட்டினாள். மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள் அனார்.

"வாங்கிக்கறேன். ஆனா நடுவுல என்னமோ நீட்டிக்கிட்டு இருக்கு பாரு. உன் வீட்டுக்காரரு வெச்ச அடையாளம்தானே? அந்த எடத்த மட்டும் படிச்சுட்டுக் குடு. என் கண்ணாடி வீட்டுல கெடக்கு."

கண்ணாடி அவள் இடுப்புப்பையிலேதான் இருந்தது. அப்பொய்யை நான் குறைசொல்ல மாட்டேன்.

நீட்டிக்கொண்டிருந்தது உமுத்தின் குதிரைவால் மயிரிழை ஒன்று. செயில்கான் அப்பக்கத்தைப் பிரித்தாள். துன்பம் பொறுமையை ஈனும், பொறுமை உறுதியை ஈனும் என்று வரிசையாய்ப் படித்துவந்தவள், உறுதி ஈனுவது யாதென்னும் இடத்தை எட்டினாள். "வழி..." என்றவள் பாதியிலேயே நிறுத்தினாள். நாற்பது நாளும் வாசலில் நின்று அவள் வழிபார்த்தாயிற்று, வந்தவர் எவருமில்லை. இருபத்தாறு ஆண்டு கைகொடுத்த மாற்றுச்சொல் அங்கே, அவள் நாவிலேயே, பொய்யாய்ப் போயிற்று. இனி அவளுக்கு மிஞ்சியிருந்தது ஏட்டில் எழுதியிருந்த சொல் ஒன்றே.

"உமுத்" என்றாள். பிறகு, உரக்க: "உமுத் வெட்கப்படுத்தாது."

சட்டியைக் கிளறிய கைகள் நின்றன. "அடிப்பாவி, பேரச் சொல்லிட்டாளே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் ஓரகத்தி. செயில்கானோ அந்த வரியையே பார்த்துநின்றாள். எந்தச் சொல்லுக்கு வெட்கப்பட்டுக் காலமெல்லாம் முக்காட்டை இழுத்தாளோ, அச்சொல்லே உன்னை நான் வெட்கப்படுத்தேன் என்கிறது! அவள் தேம்பித்தேம்பி அழுதாள். நாற்பது நாளில் வந்த முதல் அழுகை அது.

தொக்தோசுன் எழுந்து வந்தான். சினத்தோடுதான் வந்தான், ஆயின் வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"மூணு நாள் ஆத்தங்கரையில இந்தப் பேரச் சொல்லிக் கத்தினேன். பதில் வரல. உன் புத்தகத்துல இருக்கா பதில்?"

"இருக்கு பெரியத்தான்" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அவரு போயிட்டாரு. ஆனா அவருக்கு இந்தப் பேரு வைக்கறதுக்கு முன்னாடியே இருந்த உமுத் சாகல. செத்து எழுந்த ஒருத்தரு அதத் தன் கையில வெச்சிருக்காரு. உங்க தம்பியும் அந்தக் கையிலதான் இருக்காரு. இந்தப் புத்தகத்த நான் குடுக்க மாட்டேன்."

எதிர்த்துப் பேசியறியாதவள் வாயிலிருந்து வந்த சொல் இது. அனார், நூலுக்கு இனி அது வேண்டாம் என்பதுபோல், முக்காட்டுத் துணியை மடித்துத் தன் மடியில் செருகிக்கொண்டாள். தொக்தோசுன் அப்படியே தரையில் அமர்ந்தான்.

"இன்னொரு தடவ படி" என்றான். "அந்தப் பேரு வர்ற எடம்."

அந்நாட்டில் வீரம் பேசிய மாந்தர் பலரை நான் கண்டதுண்டு, அன்பரே. ஒரே ஒரு சொல்லைச் சொல்லித் தன் வாழ்வை மீட்டுக்கொண்டவளை அவ்வீட்டில்தான் கண்டேன். இன்றும் ஞாயிறுதோறும் அக்கதவு திறந்திருக்கிறது, செயில்கானே படிக்கிறாள். அச்சொல் வருமிடத்தே கணவன் காதாரக் கேட்பதற்கென்று ஒரு நொடி நிறுத்துகிறாள். பின்னர், முக்காட்டை இழுத்துக்கொள்ளாமல், சொல்கிறாள்.