அங்குலத்துக்கு எத்தனை பல்

தணிகாசலம் சட்டைப் பையிலிருந்து பித்தளைக் கண்ணாடியை எடுத்து ரம்பப் பட்டையின் மேல் கவிழ்த்து வைத்தபோது, கடைக்காரி சுகாசினி செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு அவரையே பார்த்தாள். ஓர் அங்குலத்துக்குள் எத்தனை இழை ஓடுகிறது என்று எண்ணுகிற கண்ணாடி அது. முப்பத்தாறு வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் பட்டுப் புடவைகளைத் தரம் பார்த்தவர் அவர். அவர் தேர்வு செய்த புடவைகளை நீளவாக்கில் விரித்தால் காசிக்குப் போய்த் திரும்பலாம். மிச்ச முந்தானையில் ராமேசுவரத்தையும் பார்த்துவிட்டு வரலாம். இழை நெருக்கமாக இருந்தால் நல்ல சரக்கு, இளக்கமாக இருந்தால் மட்டம். உலகத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் இதே விதிதான் என்பதில் அவருக்குத் துளிச் சந்தேகமும் இருந்ததில்லை, ஜாங்கிரி உட்பட.

ஓய்வு பெற்ற கையோடு மரம் அறுக்கிற பேண்ட்சா மிஷின் ஒன்றை வாங்கிப் பின்கட்டில் நிறுத்தியிருந்தார். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி வளையமாக ஓடுகிற ரம்பம். அதை முதல்முறை ஓடவிட்ட அன்று வரதராஜப் பெருமாள் கோபுரத்துப் புறாக்கள் மொத்தமும் பெரிய காஞ்சிபுரத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டதாக அவரே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

என்ன மரம், எவ்வளவு தடிப்பு, நேராக அறுக்கவா வளைத்து அறுக்கவா என்று சுகாசினி கேட்ட எதையும் அவர் காதில் வாங்கவில்லை. பட்டை பட்டையாக எண்ணிக்கொண்டே போய், அங்குலத்துக்கு இருபத்துநாலு பல் இருந்த ஒன்றைத் தூக்கினார்.

"சார், அது இரும்புத் தகடு அறுக்கறது."

"இரும்பயே அறுக்குதுன்னா பலா எந்த மூலைக்கும்மா?"

அவள் பட்டையைச் சுருட்டிக் கொடுத்தாள்.

அவருடைய அவசரத்துக்குக் காரணம் வெங்காயம். மனைவி பூவம்மாளுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி ஏழு மாதமாகிறது. நடக்கிறாள், மாடி ஏறுகிறாள், அவரை விரட்டிப் பிடிக்கவும் செய்கிறாள். இத்தனை வருடம் நெய்த வீட்டுத் தறியில் மட்டும் உட்கார முடியவில்லை. காலால் மிதிக்கிற மிதிக்கட்டை இருக்கும் தறிக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டால் உட்காரும் பலகையின் விளிம்பு தொடையை அழுத்தி, ஐந்து நிமிடத்தில் கால் மரத்துப்போகிறது. அழுதாளா, புலம்பினாளா, ஒன்றுமில்லை. ஒருநாள் தறியின் மேல் பழைய போர்வையை விரித்து அதில் வெங்காயத்தைக் காயப்போட்டாள். அவள் தறியையே விட்டுவிட்டாள் என்று தணிகாசலத்துக்குப் புரிந்தது அன்றுதான். கோபித்துக்கொள்கிறவளைச் சமாதானப்படுத்திவிடலாம். வெங்காயம் காயப்போடுகிறவளை என்ன செய்வது?

ஓரிக்கையில் மச்சான் வீட்டுப் பலாமரம் விழுந்ததில் மூன்று அங்குலத் தடிப்பில் ஒரே ஒரு பலகை கிடைத்தது. அதன் விளிம்பில் தொடைக்கு ஒன்றாக இரண்டு வளைவு அறுத்துவிட்டால் கால் தாராளமாக இறங்கும். அவள் பழையபடி உட்காருவாள். அவர் போட்ட கணக்கு அதுதான்.

சனிக்கிழமை காலை மிஷினைப் போட்டார். இரண்டு விரற்கடை போனது, அப்புறம் புகைந்தது. பலாக்கொட்டை சுடுகிறார்கள் என்று தெருவே மூக்கை நீட்டியது. அவர் விடாமல் தள்ளினார். ரம்பம் கோட்டை விட்டு விலகி, திருவிழாவில் அம்மா கையை உதறிய பிள்ளைபோல் தன் இஷ்டத்துக்குப் போய், கடைசியில் படீரென்று அறுந்தது. அந்தச் சத்தம் ஏனாத்தூர் காலேஜ் வகுப்பில் தூங்கிய மாணவர்களைக்கூட எழுப்பியிருக்கும்.

பலகையின் ஒரு பக்கம் கருகிக் கோணிக் கிடந்தது. அறுக்க இனி எதிர்ப்பக்கம் ஒன்றுதான். அதுவும் போனால் மரமும் இல்லை, மச்சானிடம் வேறு பலாவும் இல்லை.

பூவம்மாள் கரண்டியோடு வந்தாள். மிஷின் நின்றதும் அறுந்த பட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"பல்லு நடுவுல பூரா தூளு அடைச்சிக்கினு இருக்குது பாருங்க."

பார்த்தார். உண்மைதான். பற்களின் சந்தெல்லாம் மஞ்சள் தூள் இறுகி, ரம்பம் வெறும் தகடாகியிருந்தது.

"நெருக்கமான பண்ணையில தடிச்ச நூல உட்டா இன்னா ஆவும்?"

பண்ணை என்பது தறியில் பாவு நூல்கள் நுழைந்து வருகிற சீப்பு. "அறுந்துடும்" என்றார், யோசிக்காமலே.

"முப்பத்தாறு வருசமா எண்ணத் தெரிஞ்சுது. நூலு போற வழியப் பாக்கத் தெரியல. அடுத்த அத்திவரதர் வர்றதுக்குள்ளயாவது முடிங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

புடவையாகி மடித்து வந்த பிறகுதானே அவர் எண்ணியிருக்கிறார். நெய்யும்போது குழியில் இருந்தவள் அவள்.

சாயங்காலம் கடையில் சுகாசினி கேட்பதற்கு முன்பே ஒப்பித்தார்: பலா, மூன்று அங்குலம், வளைவு. அவள் கால் அங்குல அகலத்தில் ஒரு பட்டையை எடுத்து நீட்டினாள். பொக்கைவாய்போல் இருந்தது. பழக்கதோஷத்தில் கண்ணாடியை வைத்தார். நாலு பல். எண்ணத் தொடங்குவதற்குள் முடிந்துவிட்டது.

"இவ்ளோ சந்து உட்டுக்கினு இருக்குதேம்மா?"

"அந்தச் சந்துலதான் சார் தூளு வெளிய வரணும். ஒல்லியா இருந்தாதான் வளைவுல திரும்பும். நேரா அறுக்கும்போது வாங்க, அகலமா தரேன்."

அவருடைய மிஷின் அளவுக்கு வெட்டி, இரண்டு முனையையும் சேர்த்துப் பற்றவைத்து, பற்றிய இடத்தை வழவழவென்று தேய்த்துக் கொடுத்தாள்.

மறுநாள் அறுக்கும்போது பூவம்மாள் எதையோ தேடுகிறவள்போல வாசற்படியில் நின்றாள். ரம்பம் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனது. மஞ்சள் தூள் பொலபொலவென்று கொட்டி அவர் காலை மூடியது. முழங்கால்வரை என்று பிற்பாடு சொன்னார். வெட்டுமுகம் சொரசொரவென்றுதான் வந்தது. சங்கத்தில் இருந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார். அரத்தை எடுத்து உட்கார்ந்து மத்தியானம்வரை ராவினார்.

பூவம்மாள் வெங்காயத்தை முறத்தில் அள்ளினாள், போர்வையை மடித்தாள், பழைய பலகையைத் தள்ளிவிட்டுப் புதியதைப் போட்டு உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம் கடந்தது. பத்தும் கடந்தது. தான் கடிகாரத்தைப் பார்க்கவேயில்லை என்று அவர் எந்தச் சன்னதியிலும் சத்தியம் செய்வார்.

"வலது பக்கம் இடிக்குது."

அவர் முகம் சுருங்கிப்போனது. அவள் சாக்பீஸை எடுத்து, தொடையை ஒட்டியே பலகையில் ஒரு கோடு இழுத்தாள். "இது வழியா இன்னும் ஒரு நூல் அளவு மரம் எடுங்க. எடுத்தா சரியாப் பூடும்."

பலகையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தவர், வாசற்படியில் திரும்பிப் பார்த்தார். அவள் எழுந்திருக்கவில்லை. பழைய பலகையை இழுத்துப் போட்டு, மடித்த போர்வையை அதன்மேல் வைத்து ஓரமாக உட்கார்ந்து, வலது கால் பெருவிரலால் குழிக்குள் மிதியைத் துழாவிக்கொண்டிருந்தாள். கட்டை முனகியது. பாவு நூலை ஏற்றி இறக்குகிற விழுதுகள், நூல் கோக்காத வெறும் விழுதுகள், ஒரு விரற்கடை எழுந்தன. அவற்றில் ஒட்டிக்கொண்டிருந்த வெங்காயச் சருகு ஒன்று விடுபட்டு, ஜன்னல் வெயிலில் மெல்லச் சுழன்று இறங்கியது.