வலைக்கு நாலு கூறு

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. காவாந்தண்டலம் ஏரிக்கரையில், மீன் வாங்கப்போன இடத்தில் கிடைத்தது. அன்றைக்கு ஆடிப்போனவன் இன்னும் நிலைக்கு வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் வரி: ‘வெடித்துக் கிடந்த ஏரியின் நடுவே—’

(அடித்துவிட்டேன். ஏரி வெடித்துக் கிடந்தால் மீன் ஏதுய்யா?)

2

மூன்று பேர். வலை சின்னதம்பியுடையது. ஒரு முனையை அவர் பிடிப்பார், மறுமுனையை அவர் அண்ணன் மகன் ஹரி. நடுவில், மார்பளவுத் தண்ணீரில், அடிக்கயிற்றைக் காலால் அழுத்திக்கொண்டே வருபவள் பக்கத்து வீட்டுக் கலா. கால் தவறினால் மீனெல்லாம் கம்பி நீட்டிவிடும். [அவளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்பீர்கள். வாங்குகிறேன்தான்.]

கரையேறியதும் பங்கு. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு அரை, வலைக்கு இரண்டு. அரைப் பங்குக்காக மீனை வெட்ட முடியுமா? எல்லாவற்றையும் இரட்டித்து ஒன்பது கூறு: வலைக்கு நாலு, ஆண்களுக்கு இரண்டிரண்டு, கலாவுக்கு ஒன்று. விகிதக் கணக்கில் ஒரு தப்பும் கிடையாது. அதுதான் இடிக்கிறது.

கூறு போடுவதும் கலாதான். கல்யாணமாகி வந்த நாளாகப் போடுகிறாள். அன்றைக்கு என்னவோ, தன் கூறைப் போட்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“மாமா, வலைக்கு நாலு, எனுக்கு ஒண்ணு. அப்போ நாலு கலா சேந்தாத்தான் ஒரு வலையா?”

சின்னதம்பி பீடியை வாயிலிருந்து எடுத்தார். (இவரை வில்லனாக்கப் பார்த்தேன். வரவில்லை. மனுஷன் நிஜமாகவே திகைத்துப்போயிருந்தார்.)

“இன்னா கலா, புச்சா கேக்கற? வல கிழிஞ்சா நான்தான வாங்கணும்?”

நியாயம்தானே? எனக்கும் அப்படித்தான் பட்டது. கலாவும் தலையாட்டினாள்.

“செரி. அடுத்த வாட்டி நானே ஒரு வல வாங்கியாறேன். அப்போ எனுக்கு அஞ்சு கூறு.”

சின்னதம்பி கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. “பொம்பள கொணாந்த வலைக்கு ரெண்டுதான்.”

3

நைலான் நூலுக்குமா ஆம்பளை, பொம்பளை? எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஹரி சிரிக்க வாயெடுத்தான். சித்தப்பா விளையாடவில்லை என்று தெரிந்ததும் மூடிக்கொண்டான்.

இதற்கு முடிவு எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். சின்னதம்பி மனம் மாறி— (பொய். அவர் கண்ணில் அது இல்லை.) கலா கூடையை உதறிவிட்டு— (என் கோபத்துக்கு அவள் பிள்ளைகள் ஏன் பட்டினி கிடக்கணும்?) மூன்று பேருக்கும் சமமாகப் போடலாம் என்றால், கிழிந்த வலையை யார் வாங்குவது?

நடந்தது இவ்வளவுதான். கலா குனிந்து ஒன்பது கூறையும் ஒரே குவியலாக வாரிக் கொட்டினாள்.

“நீயே போடு மாமா. நான் பாக்கறேன்.”

அவர் குந்தினார். கை நீண்டது, பாதியில் நின்றது. பிறகு என்னைப் பார்த்தார். “நீ சொல்லு சார், எப்டிப் போடறது?”

வாசகரே, கேள்வியை உங்கள் பக்கம் தள்ளுகிறேன். நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம், மீன் நாறிடும். கலா கரையிலதான் நின்னுக்கினு கீறா.