டிரைவர்கள் நிறுத்துகிற இடம்

பலகை வைத்து அம்புக்குறி போட்டுக் காட்டுகிற எந்த இடத்துக்கும் அப்பா வர மாட்டார். அந்தக் கடற்கரை நகரத்தில் அம்புக்குறிக்குக் குறைச்சலே இல்லை. கோட்டைக்கு ஒன்று, கலங்கரை விளக்கத்துக்கு ஒன்று, எந்தக் காலத்திலோ ஒரு தளபதி தன் குதிரையைக் கட்டினான் என்று ஒரு கல்தூணுக்குக்கூட ஒன்று. "குதிரைய அவுத்துட்டுப் போயிட்டான் இல்ல? அப்புறம் வெறும் தூண்ல பாக்க என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு எதிர்ப்பக்கம் நடந்துவிடுவார்.

முப்பது வருஷத்துக்கு மேல் தொலைதூர பஸ் ஓட்டியவர். எந்த ஊரானாலும் அவருக்கு ஒரே அளவுகோல்தான். டிரைவர்கள் எங்கே வண்டியை நிறுத்திச் சாப்பிடுகிறார்களோ அதுதான் ஊர், மற்றதெல்லாம் வேடிக்கை. அங்கேயும் உடனே உட்கார்ந்துவிட மாட்டார். நேரே கடைக்குப் பின்னால் போய்ப் பாத்திரம் கழுவுகிற இடத்தைப் பார்ப்பார். திரும்பி வந்து முதலாளியிடம், "நீங்க சமைக்கிறத நீங்க சாப்பிடுவீங்களா?" என்று முகத்துக்கு நேரே கேட்பார். இந்தக் கேள்விக்காகக் கரண்டியோடு சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. அந்த மாதிரி நேரங்களில் அம்மா, யாரோ எவரோ என்பதுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

மகளை அவர் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவார். சின்ன வயதில் லீவு விட்டால் அவள் அவருடைய பஸ்ஸில் முன்சீட்டில்தான் இருப்பாள். நிஜக் கண்டக்டர் பாவம், தொண்டை கிழியக் கத்தினாலும் வண்டி நகராது. அவள் "போலாம் ரைட்!" என்று சொன்னால்தான் நகரும். "நீ ரைட் சொன்னா நான் திரும்பிப் பாக்கவே மாட்டேன். உன் குரல நம்பி எடுத்துடுவேன்" என்பார் அப்பா. அந்தப் பெருமையில் அவளுக்குத் தரையில் கால் பாவாது. இப்போது அவள் துறைமுகத்தில், எந்தக் கப்பல் எந்த மேடையை ஒட்டி நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிற அதிகாரி. கீழே பத்துப்பேர் வேலை பார்க்கிறார்கள். அப்பாவுக்கு அவள் இப்போதும் கண்டக்டர்தான். "பஸ்லேருந்து கப்பலுக்கு மாத்திட்டாங்க, அவ்வளவுதான்" என்று எல்லாரிடமும் சொல்வார்.

அந்த வேலை கிடைத்தபோது அம்மா போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. அப்பா தனியாக இருந்தார். அடுப்பை அணைக்க மறந்தார், சாவியை வாசலிலேயே விட்டார். வயசானால் எல்லாருக்கும் உள்ளதுதானே என்று அவளும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் தனியே விட்டுப் போக மனசில்லை. கூப்பிட்டபோது அவர் அசைந்து கொடுக்கவில்லை.

"தெரிஞ்ச ரூட்லயே இருந்துட்டுப் போறேனேம்மா" என்றார்.

அத்தை போனில் பிடித்துக்கொண்டாள். "ஊர்ல இருக்கற கப்பலுக்கெல்லாம் இடம் பாத்துக் குடுக்கறவ, எங்கண்ணனுக்கு ஒரு இடம் பாக்கலையான்னு நாளைக்கு நாலு பேர் கேப்பாங்க. அப்ப என்னக் கேக்காத, ஆமா."

கடைசியில் அவள் ஒரு தந்திரம் செய்தாள். "எனக்கு அந்த ஊர்ல ஒரு ஈ காக்கா தெரியாதுப்பா. எங்க சாப்பிடறது, எங்க உக்கார்றது, ஒண்ணும் தெரியாது. நீங்க வந்து நல்ல இடமா பாத்துச் சொன்னாதான் ஆச்சு" என்றாள். அவரை வண்டி ஏற்றுவதற்காகச் சொன்னது. அவர் அதைத் தன் வேலையாகவே எடுத்துக்கொண்டு பெட்டியைக் கட்டிவிட்டார்.

வந்த புதிதில் அந்த மனிதர் செய்த அட்டகாசம் இருக்கிறதே! அவள் வேலைக்குக் கிளம்பியதும் அவரும் கிளம்பிவிடுவார். வாரம் முழுக்க அலைந்து ஒரு இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "புதுசா ஒரு இடம் பாத்து வச்சிருக்கேன். ரைட் சொல்லு" என்பார். அவள் சொல்ல வேண்டும். நாற்பதை நெருங்குகிற பெண் மாடிப்படியில் நின்று "போலாம் ரைட்!" என்று கூவினால் கீழ்வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று முதலில் கூச்சமாக இருந்தது. அப்புறம் அவர்களும் பழகிவிட்டார்கள்.

அப்படித்தான் மீன் சந்தைக்குப் பின்னால் இருந்த ரொட்டிக் கடை தெரிந்தது. முதல் அடுப்பு ரொட்டி கருகியிருக்கும், இரண்டாவது அடுப்புக்காகக் காத்திருக்க வேண்டும் என்று அப்பா கண்டுபிடித்திருந்தார். பழைய சுங்கக் கட்டடத்தின் பின்சுவரை ஒட்டி ஒரு கல் பெஞ்சு. ஊரெல்லாம் உப்புக்காற்று கண்ணைப் பிடுங்கும்போது அங்கே மட்டும் சட்டைக் காலர்கூட அசையாது. மணிக்கூண்டுக்கு அடியில் ஒரு முடிவெட்டுபவர். வாயே திறக்க மாட்டார் என்பதுதான் அவருடைய சிறப்பு. "இந்தச் சந்துல பஸ்ஸத் திருப்பிடுவேன்", "இதுல முடியாது, பின்சக்கரம் படில ஏறிடும்" என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடப்பார். வேலை செய்யும் இடத்தில் அவளோடு யாரும் இன்னும் மனசு விட்டுப் பேசியதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஊர் அவளுக்கே சொந்தம் என்று தோன்றும். அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

படகு பழுதுபார்க்கும் பட்டறைக்குப் பக்கத்தில் இருந்த சூப் கடைக்கு அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் மூன்று லாரிகள் நின்றன. கடைக்காரம்மா வாட்டசாட்டமான ஆள், சிரிப்பைக் கொஞ்சம் சிக்கனமாகச் செலவு செய்கிறவர். அப்பா பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து தன் கேள்வியைக் கேட்டார். அந்த அம்மா, எல்லாருக்கும் ஊற்றுகிற அதே அண்டாவிலிருந்து ஒரு கிண்ணம் மொண்டு, அவர் கண்ணெதிரே நின்றபடியே குடித்துக் காட்டிவிட்டு, "போதுமா?" என்றார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். மிளகு தூக்கலாக, தொண்டைக்கு இதமாக, உண்மையிலேயே அருமையான சூப்.

அடுத்த ஞாயிறும் அப்பா வாசலில் நின்றார். "புதுசா ஒரு இடம்" என்றார். கண்கள் மின்ன முன்னால் நடந்தார். சந்தைக்கு இடப்பக்கம் திரும்பி, பட்டறையைத் தாண்டி, அதே கடையின் முன்னால் போய் நின்றார்.

வேண்டுமென்றே விளையாடுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் பின்பக்கம் போனார், பார்த்தார், வந்தார். "நீங்க சமைக்கிறத நீங்க சாப்பிடுவீங்களா?"

"அப்பா, போதும்ப்பா விளையாட்டு. போன வாரம்தானே வந்தோம்!" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. கடையைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அப்படியா" என்றார் மெதுவாக. பிறகு மேஜையில் கிடந்த ஸ்பூனை எடுத்து முன்னும் பின்னுமாகத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

கடைக்காரம்மாதான் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "வாங்கய்யா. ஊருக்குப் புதுசா? உக்காருங்க, நம்ம கடைல சூப் நல்லா இருக்கும்" என்றார். ஒரு கிண்ணம் மொண்டு நின்றபடியே குடித்தார். "போதுமா?"

அப்பா சிரித்தார். போன வாரம் சிரித்த அதே சிரிப்பு.

அப்பா கை கழுவப் போனபோது கடைக்காரம்மா அவளை ஓரமாகக் கூப்பிட்டார். "தினமும் வர்றார்ம்மா. தினமும் இதே கேள்விதான். முதல்ல நானும், நேத்துதானே வந்தீங்கன்னு சொல்லித் தொலைச்சேன். சாப்பிடாமயே எழுந்து போயிட்டார். போய் ரோட்டோரம் எந்தப் பக்கம் திரும்பறதுன்னு தெரியாம நின்னார். அதுலேருந்து சொல்றதில்ல. எனக்கென்ன, ஒரு கிண்ணம் சூப் நானும் குடிச்ச மாதிரி ஆச்சு."

டாக்டர் பொறுமையான மனிதர். மறதி நோய்தான் என்றார். "இடம் மாத்தினா சில பேருக்கு இது சீக்கிரம் வெளிய தெரியும். நீங்க மாத்தலைன்னாலும் வந்திருக்கும்" என்றார். அவள் காதில் முதல் பாதிதான் விழுந்தது. தெரிந்த ரூட்டிலேயே இருந்துவிட்டுப் போகிறேன் என்றவரைத் தான்தான் கிளப்பிக்கொண்டு வந்தோம் என்று அன்று ஆபீஸ் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அதன் பிறகு அந்த ஊர் அவருடைய கையை விட்டு நழுவ ஆரம்பித்தது. கல் பெஞ்சு மறந்துபோனது. மணிக்கூண்டுக்காரரிடம் போனவர், இவர் யார் என் தலையில் கை வைக்க என்று கத்திவிட்டுப் பாதி முடியோடு வந்தார். ரொட்டிக் கடையும் போனது. பகலில் கூட இருக்க ஒரு அம்மாவை ஏற்பாடு செய்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் விடவில்லை. இப்போது முன்னால் நடப்பது அவள். ஒவ்வொரு இடமாக அவளே அவரைக் கூட்டிக்கொண்டு போய், "புதுசா ஒரு இடம்ப்பா" என்பாள். எது போனாலும் போகட்டும், தன்னைக் கண்டக்டர் என்று கூப்பிடுவது மட்டும் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டே நடப்பாள். கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். அது ஒன்றுதான் அவளை வேலைக்குப் போக வைத்தது, வந்து சமைக்க வைத்தது.

அன்றும் ஞாயிறுதான். சூப் கடையிலிருந்து திரும்பும் வழியில் ரொட்டி வாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு மேல்மாடியில் புதிதாகக் குடிவருகிறவர்களின் சாமான் லாரி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. டிரைவர் முதல் படியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பா அவரோடு பேச்சுக் கொடுத்து நின்றார். டிரைவர்களைக் கண்டால் விட மாட்டார், வரட்டும் என்று அவள் மேலே போய்க் கதவைத் திறந்து வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் திறந்த கதவில் யாரோ தட்டினார்கள். அப்பா நின்றிருந்தார்.

"வாசல்ல லாரி நிக்குது, டிரைவர் உக்காந்து சாப்பிடறார். அதான், நல்ல இடமா இருக்கும்னு ஏறி வந்தேன். உள்ள வரலாமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதில் சொல்வதற்குள் அவர் அவளைத் தாண்டிச் சமையலறைக்குப் போனார். கழுவுகிற தொட்டியைக் குனிந்து பார்த்தார். கவிழ்த்து வைத்த டம்ளர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திரும்பி வந்து அவள் முகத்துக்கு நேரே நின்றார்.

"சுத்தமா வச்சிருக்கீங்க. நீங்க சமைக்கிறத நீங்க சாப்பிடுவீங்களா?"

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. நான்தான்ப்பா, நான்தான் என்று வாய்வரை வந்துவிட்டது. கத்த வேண்டும் போல இருந்தது, தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஸ்பூனைத் திருப்பிக்கொண்டிருந்த அந்த முகம் நினைவுக்கு வந்தது. பல்லைக் கடித்து விழுங்கினாள். பையிலிருந்து ரொட்டியை எடுத்து, ஒரு துண்டு பிய்த்து அவர் பார்க்கத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"போதுமாய்யா?" என்றாள். "ஊருக்குப் புதுசா? உக்காருங்க."

அப்பா சந்தோஷமாக உட்கார்ந்தார். தினமும் உட்காருகிற நாற்காலிதான். டீ போட்டுக் கொடுத்தாள். ரொட்டியில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"எம் பொண்ணுக்கு" என்றார். "கண்டக்டரா இருக்கா. கெட்டிக்காரி. ஆனா இந்த ஊர்ல அவளுக்கு ஒரு ஈ காக்கா தெரியாதும்மா. எனக்கும் முன்ன மாதிரி இல்ல, ஒண்ணு ஒண்ணா விட்டுப்போகுது. அவகிட்ட சொல்லல, பயந்துக்குவா. நான் இல்லாத அன்னைக்கு அவ வந்து உக்கார ஒரு இடம் வேணும் இல்ல? அதுக்குத்தான் இப்படி அலையறேன். நாலஞ்சு பாத்து வச்சேன். எங்கன்னுதான் இப்ப தெரியல."

ஆக, தனக்கு மறந்துகொண்டு வருவது அவருக்கு ஆரம்பத்திலேயே தெரிந்திருக்கிறது.

"இத மறக்க மாட்டேன். வாசல்ல லாரி நிக்குமே, அதான் அடையாளம்" என்றார் அப்பா. கீழே லாரி புறப்படுகிற சத்தம் கேட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. "அவ இங்க வந்தா நல்லாப் பாத்துப்பீங்களா? வாய் விட்டுக் கேக்க மாட்டா. நீங்களாதான் சாப்பிடச் சொல்லணும்."

"பாத்துக்கறேன்யா" என்றாள். மறுபடியும், "பாத்துக்கறேன்" என்றாள்.

"அப்ப இருங்க, கையோட கூட்டிட்டு வந்துடறேன்" என்று எழுந்து வாசலுக்குப் போனார். போனவர் நிலைப்படியில் கையை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றார். இறங்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. எதற்காக நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரிந்தது.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைப் பூட்டச் சாவியை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போய் நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போலாம் ரைட்" என்றாள்.

அப்பா உடனே படியிறங்கத் தொடங்கினார். சொன்னது யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை.