பெயர் பொருந்தவில்லை

ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வருவதற்கு முன்பே அவளுடைய சித்திக்கு மருந்து விற்பவன் ஒருவனிடமிருந்து போன் வந்துவிட்டது. "சர்க்கரை ஏறியிருக்காமே மேடம்? எங்ககிட்ட நல்ல மாத்திரை இருக்கு."

"என் உடம்பு சேதி எனக்கே தெரியல, அவனுக்கு எப்படிடி தெரிஞ்சுது?" என்று சித்தி அவளிடம் கேட்டாள். அந்தப் பரிசோதனைக் கூடத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்ததே அவளும் அவள் அக்கா கணவரும்தான்.

மறுநாள் அத்தான் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, அலுவலகத்திலிருந்தே பரிசோதனைக் கூடத்துக் கணினிக்குள் நுழைந்து, முடிவுகளைச் சர்வருக்கு அனுப்பும் பகுதியைத் திறந்தாள். எதிர்முனை தன் அடையாளமாகக் காட்டும் டிஜிட்டல் சான்றிதழ் அசல்தானா என்று நிரல் பார்த்தது. அதிலிருக்கும் பெயர், தான் தேடிப்போன சர்வரின் பெயர்தானா என்று மட்டும் பார்க்கவில்லை. யாருடைய அட்டையை நீட்டினாலும் சலாம் போட்டு உள்ளே விடும் காவல்காரன். அந்தப் பெயர்ச் சோதனையை அணைத்து வைத்தவர் யார் என்று தேடினாள்.

அத்தான்.

"அதை ஏன் நோண்டுற?" முதுகுக்குப் பின்னால் அவர் குரல். "ஓடுறத ஓட விடு."

"ஏன் அணைச்சீங்க அத்தான்?"

"டெஸ்ட் பண்றப்போ பேரு ஒத்துப்போகல. நிறுத்தி வச்சேன். திரும்பப் போட மறந்துட்டேன். என்ன, போலீஸ் மாதிரி கேக்குற?"

மறந்தவர் முகம் ஏன் வெளுக்க வேண்டும்? புதுக் கார் வேறு வாங்கியிருக்கிறார். நினைக்கவே கூசியது, நினைக்காமலும் இருக்க முடியவில்லை. அவர் கண்முன்னாலேயே சோதனையை மறுபடி இயக்கினாள்.

இணைப்பு பட்டென்று அறுந்தது. சான்றிதழ் அசல், பெயர் வேறு யாருடையதோ. அத்தான் குனிந்து படித்தார். "ஏய், இது நெட்ட வேகமாக்கித் தர்றேன்னு லேபுல பெட்டி மாட்டினானே, அவன் கம்பெனி பேருல்ல?"

இருவரும் பரிசோதனைக் கூடத்துக்கு ஓடினார்கள். அங்கே ரத்த மாதிரிகள் வைக்கும் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு கருப்புப் பெட்டி மினுக்கிக்கொண்டிருந்தது. தானே சர்வர் என்று சொல்லி முடிவுகளை வாங்கிப் படித்து, மருந்து விற்பவனுக்கு ஒரு நகல் தள்ளிவிட்டு, உண்மையான சர்வருக்கு நல்ல பிள்ளையாக அனுப்பிவைத்திருக்கிறது. எதுவும் குறையாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அத்தான் வயரைப் பிடுங்கினார். கூடத்தின் முதலாளியம்மா போலீசுக்குப் போன் போட்டார்.

திரும்பும் வழியில் அத்தான் கேட்டார்: "என்னையத்தான சந்தேகப்பட்ட?"

பொய் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. "ஆமா அத்தான்."

அவர் சிக்னலில் காரை நிறுத்தினார். "கதவத் திறந்து போட்டது நான்தான. நான் மறந்தத வேணா உங்க அக்காகிட்ட சொல்லிக்கோ. நீ சந்தேகப்பட்டத சொல்லாத. உன்னை உயிரோட விடமாட்டா."